பேணிக்குள் கிடக்கும் பழைய குத்திகள்: அச்சுப் பிழை எது, சேதம் எது, பெறுமதி எவ்வளவு?

வன்னியில் அநேகமான வீடுகளில் ஒரு பழைய பால்மாப் பேணி இருக்கும். பாவனையில் இல்லாத சதக் குத்திகள், அம்மம்மா காலத்துச் செப்புக் காசுகள், தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியபோது மடியோடு வந்த பைசாக்கள், லண்டனிலிருந்து வந்த உறவினர் பிள்ளைகளின் கையில் கொடுத்த பென்ஸ் என்று எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். 2009 இல் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள், மீளக்குடியேறிய பின் சொந்த வளவைத் துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் இருந்து பொறுக்கியெடுத்த குத்திகளும் சில பேணிகளில் உண்டு.

அண்மைக்காலமாக அந்தப் பேணிகளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். பழைய இரும்பு, பித்தளை வாங்க வருபவர் "சில்லறையும் இருக்கோ அக்கா?" என்று கேட்கிறார். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் "இந்த 25 சதம் உங்களிடம் இருந்தால் இலட்சக்கணக்கில் பணம்" என்று காணொளிகள் சுற்றுகின்றன. இதனால் இரண்டு வகையான இழப்புகள் நடக்கின்றன. உண்மையில் பெறுமதியுள்ள வெள்ளிக் காசு பித்தளை நிறைக்குப் போகிறது. பெறுமதியே இல்லாத ஒரு குத்தியை விற்பதற்காக, இருக்கிற கொஞ்சக் காசையும் "பதிவுக் கட்டணம்" என்று அனுப்பிவிட்டு ஏமாந்துபோகிறார்கள். இரண்டையும் தவிர்க்கத் தேவையானது கொஞ்சம் விபரம், ஒரு சிறிய தராசு, ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி ஆகியவை மட்டுமே.

நம் கையில் உள்ள காசுகள் எவை?

இலங்கைக்கு இன்று சொந்தமாக நாணயச்சாலை கிடையாது. பிரித்தானியர் காலத்தில் லண்டன் அரச நாணயச்சாலையிலும், கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளிலும் இலங்கைக்கான காசுகள் அச்சிடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின்னரும் வெளிநாட்டு நாணயச்சாலைகளே இந்த வேலையைச் செய்து வருகின்றன.

ரூபாவை நூறு சதமாகப் பிரிக்கும் முறை 1872 இல் நடைமுறைக்கு வந்தது. 1870 என்ற ஆண்டு பொறித்த, தாளிப்பனை படம் போட்ட செப்புச் சதங்களே அந்த வரிசையில் முதலாவது. 1892 முதல் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் வந்தன. 1909 இல் சதுர வடிவ 5 சதம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளிக்குப் பதிலாக மஞ்சள் நிற நிக்கல் பித்தளை வந்தது. 1943 இல் 25, 50 சதங்களும், 1944 இல் பூவிதழ் போன்ற விளிம்புள்ள 2, 10 சதங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. 1963 இல் அரசியின் தலை நீங்கி, இலங்கையின் அரச இலச்சினை பொறித்த புதிய வரிசை வந்தது. 1980களின் நடுப்பகுதியில் 2, 5 ரூபாய்க் குற்றிகள் சேர்ந்தன.

இந்த வரிசை தெரிந்திருந்தால், பிழை என்று சொல்லப்படுபவற்றில் பாதி பிழையே அல்ல என்பது விளங்கிவிடும். அதைப் பின்னர் பார்ப்போம்.

ஒரு குத்தி எப்படி உருவாகிறது?

முதலில் உலோகத் தகட்டில் இருந்து வட்ட வட்டமாக வெற்று வில்லைகள் வெட்டப்படும். பின்னர் அந்த வில்லையின் ஓரம் சற்று உயர்த்தப்படும். அதன்பின் வில்லை இரண்டு உருக்கு அச்சுகளுக்கு நடுவே வைக்கப்படும். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிவர ஒரு வளையம். பல தொன் அழுத்தத்தில் மேலச்சு இறங்கும்போது இரண்டு பக்கத்துப் படமும் ஒரே அடியில் பதியும். வில்லை பக்கவாட்டில் பிதுங்காமல் வளையம் பிடித்துக்கொள்ளும்.

உண்மையான அச்சுப் பிழை ஒவ்வொன்றும் இந்தப் படிகளில் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும். ஒரு வித்தியாசத்தைக் கண்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எந்தப் படியில் நடந்திருக்க முடியும்?" என்பதே. பதில் கிடைக்காவிட்டால், அது நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு நடந்த சேதமாகவே பெரும்பாலும் இருக்கும்.

வில்லையில் பிறக்கும் பிழைகள்

தகட்டில் வெட்டும் கருவி ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் மறுபடி இறங்கினால், பிறை போல ஒரு துண்டு குறைந்த வில்லை கிடைக்கும். இதை வெட்டுண்ட வில்லை என்பர். குறட்டாலோ அரத்தாலோ வெட்டிய குத்தியிலிருந்து இதை வேறுபடுத்த ஒரு வழி உண்டு. வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். உண்மையான பிழையில் அந்த எதிர்ப்பக்க விளிம்பு மங்கியோ, தட்டையாகவோ இருக்கும். வில்லையின் ஓரத்தை உயர்த்தும்போது, ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் மறுபக்கத்திலும் அழுத்தம் விழாமல் போவதே காரணம். பின்னர் வெட்டிய குத்தியில் எதிர்ப்பக்கம் முழுமையாகவே இருக்கும்.

உலோகத்தில் அழுக்கோ காற்றோ சிக்கியிருந்தால் மேற்பரப்பு செதில் போல உரியும். வேறொரு நாணயத்துக்கு உரிய வில்லையில் தவறிப் பதிந்தவையும் அரிதாக உண்டு. நிறை, குறுக்களவு, நிறம் மூன்றும் மாறியிருந்தால்தான் அப்படிச் சொல்லலாம்.

அச்சில் பிறக்கும் பிழைகள்

உருக்கு அச்சு நாளடைவில் வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் காசின் உலோகம் புகுந்துகொள்வதால், காசில் அது உயர்ந்த கோடாகத் தெரியும். இதிலிருந்து எவரும் மனதில் வைக்கக்கூடிய ஒரு விதி கிடைக்கிறது: உயர்ந்து நிற்கும் கோடு அச்சிலிருந்து வந்தது, பள்ளமான கோடு பெரும்பாலும் பின்னர் பட்ட கீறல். நகத்தால் மெல்லத் தடவினால் போதும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருந்தால், விளிம்போடு ஒட்டி எந்த எழுத்தும் இல்லாத ஒரு கட்டி தெரியும். இது வெடிப்பை விட அரிது.

அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் தூசும் அடைத்தால் எழுத்தோ ஆண்டின் ஓர் எண்ணோ பதியாமல் போகும். இது மிகச் சாதாரணமானது. இதற்குப் பெரிய விலை கிடையாது.

எழுத்துகள் இரட்டையாகத் தெரிவதில் இரண்டு வகை உண்டு. அச்சைச் செய்யும்போதே இரண்டு தடவை விலகிப் பதிந்திருந்தால், இரண்டு எழுத்துகளும் முழு உயரத்தோடு, மூலைகள் பிரிந்து தெரியும். அதே அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது இருக்கும். சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். இயந்திரம் ஆடியதால் எழுத்தின் ஓரம் படிக்கட்டுப் போலத் தட்டையாக நசிந்திருந்தால், அது அச்சின் இரட்டிப்பு அல்ல. அதற்குப் பெறுமதி இல்லையென்றே சொல்லலாம்.

ஓர் அச்சு சுழன்று நின்றால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சரிந்தும் இருக்கும். இதைப் பார்க்க, காசின் மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். அதே வகை, அதே ஆண்டுக் காசு இன்னொன்றோடு ஒப்பிட்டே முடிவு சொல்ல வேண்டும். ஏனெனில் நாட்டுக்கு நாடு இரு பக்கங்களும் நிற்கும் முறை வேறுபடும். சிறிதளவு சரிவு சகஜம். கால் வட்டம், அரை வட்டம் திரும்பியிருந்தால்தான் சேகரிப்பாளர் கவனிப்பார்.

அடிக்கும்போது பிறக்கும் பிழைகள்

வில்லை நடுவில் நிற்காமல் விலகியிருந்தால் படம் ஒரு பக்கமாகத் தள்ளிப் பதியும். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். பாதியளவு விலகி, ஆனால் ஆண்டு வாசிக்கக்கூடியதாக இருப்பதே கூடுதல் விலை போகும். வளையம் இல்லாமல் அடித்த காசு வழமையை விட அகன்றும் மெலிந்தும் இருக்கும்.

அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லை அதன் மேல் அடிபட்டால், ஒரு பக்கத்தில் வழமையான படமும் மறுபக்கத்தில் அதே படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிப் பள்ளமாகவும் பதியும். இது நல்ல விலை போகும் பிழை. ஆகவே போலியும் அதிகம். இரண்டு காசுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மேசைக் கிடுக்கியில் இறுக்கினாலும் திரும்பிய எழுத்து விழும். ஆனால் அதில் அந்தப் பக்கத்தின் சொந்தப் படம் நசிந்த நிலையில் மிஞ்சியிருக்கும். உண்மையான பிழையில் அது அறவே இருக்காது.

பிழை போலத் தெரியும், ஆனால் பிழை அல்லாதவை

இலங்கைக் காசில் அடிக்கடி பிழை என்று காட்டப்படுபவை இவை:

1942 முதல் 1945 வரையான 1 சதம் முந்தியதை விட மெல்லியதாக இருக்கும். 1944, 1945 ஆம் ஆண்டுச் சதுர 5 சதமும் அப்படித்தான். போர்க்காலத்தில் உலோகத்தைச் சேமிக்க வேண்டுமென்றே மெல்லிய வில்லையில் அடித்தார்கள்.

1942 ஆம் ஆண்டு 50 சதம் வெள்ளி. 1943 இனது மஞ்சள் நிறம். இது தவறான உலோகம் அல்ல. அந்த ஆண்டோடு உலோகமே மாறியது.

ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் பழைய காசுகளில் இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டம் இருக்கும். 1951 ஆம் ஆண்டுக் காசுகளில் இருக்காது. எழுத்து விடுபடவில்லை. 1947 இல் இந்தியா சுதந்திரமடைந்ததால் பட்டமே இல்லாமல் போனது.

1990களின் பிற்பகுதியில் இருந்து கட்டம் கட்டமாக, முலாம் பூசிய இரும்புக் குற்றிகள் வந்தன. ஒரே பெறுமதியுள்ள இரண்டு குத்திகளில் ஒன்று காந்தத்தில் ஒட்டுவதும் மற்றையது ஒட்டாததும் இதனால்தான். 1984 ஆம் ஆண்டு 2 ரூபாய் செப்பு நிக்கல் கலவை, 8.25 கிராம் நிறை, காந்தத்தில் ஒட்டாது. பின்வந்த 2 ரூபாய் 7 கிராம் அளவில் நிறை குறைந்தது; ஒட்டும்.

2017 ஆம் ஆண்டு வரிசையில் 5 ரூபாயும் வெண்ணிறத் துருப்பிடிக்கா உருக்குக்கு மாறிவிட்டது. "மஞ்சள் பூசாத ஐந்து ரூபாய்" என்று அதை விற்க வருபவரை நம்ப வேண்டாம்.

பிரித்தானியாவின் பழைய வட்ட ஒரு பவுண் குத்தியில் விளிம்பு எழுத்து சிலவற்றில் நேராகவும் சிலவற்றில் தலைகீழாகவும் இருக்கும். விளிம்பு எழுத்துப் பதியும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைப் பொறுத்தது அது. பாதிக்குப் பாதி அப்படித்தான் வரும்.

போர் விட்டுச்சென்ற தழும்புகள்

நம் பகுதிக் குத்திகளுக்கு வேறெங்கும் அதிகம் காணாத சில சேதங்கள் உண்டு. எரிந்த வீட்டுக்குள் கிடந்த முலாம் பூசிய 5 ரூபாய் கறுத்தோ, செந்நிறமாகவோ, கொப்புளம் போட்டோ இருக்கும். அலுமினியச் சதங்கள் ஓரம் உருகி வளைந்திருக்கும். உப்புக் கலந்த கரையோர மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவை அரித்து மெலிந்து நிறை குறைந்திருக்கும். எறிகணைச் சிதறல் பட்டவை குழிந்தோ துளைபட்டோ இருக்கும். சங்கிலியில் கோர்க்கத் துளைத்த வெள்ளிக் காசுகளும் உண்டு.

இவை எதுவும் அச்சுப் பிழை அல்ல. நாணயச் சந்தையில் இவற்றுக்குத் தனி விலை இல்லை. வெள்ளியாக இருந்தால் வெள்ளியின் விலை மட்டும் நிற்கும். ஆனால் அதை வைத்து இவற்றை எறிந்துவிடவும் வேண்டாம். எங்கே, எப்போது, யாருடைய கையில் இருந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குத்தியோடு வைத்தால், அது குடும்பத்துக்கு ஓர் ஆவணம். படங்களும் பத்திரங்களும் அழிந்த வீடுகளில், பழைய வாழ்வின் மிச்சமாக இந்தப் பேணி மட்டுமே இருப்பதுண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

முதல் விதி: கழுவாதீர்கள். புளி, சாம்பல், தேசிக்காய், பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி நல்லது. பழங்காசுக்கு அது நஞ்சு. தேய்த்துப் பளபளக்கச் செய்த காசின் விலையைச் சேகரிப்பாளர் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவார். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து உலரவிடுங்கள்.

அடுத்து நிறை. நகைக்கடைகளில் உள்ளது போன்ற, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு நல்லது. 1963 வரிசை 1 ரூபாய் 7.13 கிராம், 50 சதம் 5.5 கிராம், முதல் வந்த 5 ரூபாய் 9.5 கிராம். தேய்மானத்தால் சிறிது குறையலாம். பெரிதாகக் குறைந்தால் ஏன் என்று பாருங்கள்.

மூன்றாவதாகக் காந்தம். வெள்ளி, செம்பு, செப்பு நிக்கல் கலவை ஒட்டாது. "வெள்ளிக் காசு" என்று தந்தது ஒட்டினால் அது வெள்ளி அல்ல.

நான்காவதாகப் பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெருக்கும் சிறிய வில்லை போதும். வெளிச்சத்தை நேராக விடாமல் பக்கவாட்டில் இருந்து விடுங்கள். உயர்ந்தது எது, பள்ளம் எது என்று அப்போதுதான் தெரியும். இரு பக்கமும் தலை உள்ள காசு கிடைத்தால், ஓரத்தின் உட்பக்கத்தில் மெல்லிய பொருத்துக்கோடு இருக்கிறதா பாருங்கள். இவற்றில் மிகப் பெரும்பாலானவை வித்தை காட்டுபவர்களுக்காக இரண்டு காசைக் கடைந்து பொருத்தியவை.

கடைசியாக ஒப்பீடு. அதே ஆண்டு, அதே பெறுமதியுள்ள நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் எதையும் பிழை என்று சொல்லாதீர்கள். வானியல் ஆய்வாளரான கவன் ரத்னதுங்க இணையத்தில் தொகுத்துள்ள இலங்கை நாணயப் பட்டியலில் பல காலத்துக் காசுகளின் படங்களையும் அளவுகளையும் பார்க்கலாம்.

விலை எப்படித் தீர்மானமாகிறது?

முதலில் உலோகத்தின் விலை. அதைவிடக் கீழே எவருக்கும் விற்கக்கூடாது. 1892 முதல் 1917 வரையான 10, 25, 50 சதங்களில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919 முதல் 1929 வரை 550 பங்கு. 1941 ஆம் ஆண்டு 10 சதமும் 1942 ஆம் ஆண்டு 50 சதமும் மறுபடி 800 பங்கு. 50 சதத்தின் நிறை 5.83 கிராம். ஆகவே 1917 வரையானதில் ஏறத்தாழ 4.66 கிராம் வெள்ளியும், 1919க்குப் பிந்தியதில் 3.2 கிராம் வெள்ளியும் உள்ளன. 25 சதம் இதில் பாதி. 10 சதம் ஐந்தில் ஒன்று. புத்த ஜயந்திக்காக 1957 இல் வெளியிட்ட பெரிய 5 ரூபாய்க் குற்றி 28.28 கிராம் நிறையும் 925 பங்கு வெள்ளியும் கொண்டது. அதில் மட்டும் 26 கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கிறது. அதே நிகழ்வுக்கு வெளியான 1 ரூபாய் வெள்ளி அல்ல. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை கிடைத்துவிடும்.

அதற்கு மேல் பிழைக்கான விலை நான்கு விடயங்களில் தங்கியுள்ளது: பிழை எவ்வளவு பெரியது, எவ்வளவு அரிது, காசின் நிலை எப்படி, அதைத் தேடுபவர் எத்தனை பேர். கடைசியானதே நமக்குச் சிக்கல். இலங்கைக் காசின் பிழைகளைச் சேகரிப்பவர்கள் குறைவு. எனவே அமெரிக்கக் காசில் ஒரு பிழைக்கு வரும் விலையை இலங்கைக் காசில் உள்ள அதே பிழைக்கு எதிர்பார்க்க முடியாது. அடைத்த எழுத்து, மெல்லிய வெடிப்பு, சிறு சரிவு போன்றவை முகப்பெறுமதிக்கு மேல் மிகச் சொற்பமே தரும். பாதி விலகிய அடி, கண்ணாடிப் பதிவு, வேறு வில்லையில் அடித்தது ஆகியவற்றையே நிதானமாக விசாரித்து விற்க வேண்டும்.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்கக்கூடாது. யாரும் எதற்கும் எந்த விலையும் கேட்கலாம். இணைய ஏலத் தளங்களில் "விற்று முடிந்தவை" என்று தனியாகத் தெரிவுசெய்து, உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஓர் உதாரணம். பிரித்தானியாவில் 2008 இல் காசுகளின் வடிவம் மாறியபோது, 20 பென்ஸில் ஆண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டது. பழைய தலைப்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறிச் சேர்ந்ததால், ஆண்டே இல்லாத 20 பென்ஸ் புழக்கத்துக்கு வந்தது. அது உண்மையான பிழை என்று அரச நாணயச்சாலையே ஏற்றுக்கொண்டது. முகப்பெறுமதியைப் போலப் பல மடங்கு விலைக்கு அது விற்பனையாகிறது. 2 பென்ஸில் 1981 வரை "நியூ பென்ஸ்" என்ற சொல் இருப்பது வழமை. அவற்றின் பெறுமதி 2 பென்ஸ் மட்டுமே. 1983 ஆம் ஆண்டுக் காசில் அந்தச் சொல் இருந்தால் மட்டுமே அது பிழை. ஒரே சொல், ஆண்டு மாறினால் கதையும் மாறுகிறது. ஆண்டைப் பார்க்காமல் எதையும் விற்கவும் வாங்கவும் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஏமாற்று வழிகள்

உங்கள் காசை வாங்க வருபவர் உங்களிடம் பணம் கேட்கிறாரா? அப்படியானால் அது மோசடி. பதிவுக் கட்டணம், வரி, காப்புறுதி, பொதி அனுப்பும் செலவு என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைப் பாவித்து, பழைய நோட்டுக்கும் காசுக்கும் கட்டணம், தரகு, வரி கேட்டு மோசடி நடக்கிறது என்று அந்த வங்கியே 2021 ஓகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. தமிழ்நாட்டில் சுற்றிய அதே வகைக் காணொளிகளும் செய்திகளும் இங்கும் கைபேசிகளுக்கு வருகின்றன. வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்டுவிட்டு, பின் கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் கேட்டால், அவர்களுக்குத் தேவை உங்கள் காசு அல்ல, உங்கள் கணக்கு.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்ட பெரிய செப்பு வில்லைகள் இன்னொரு வகை. இவை கம்பனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல. பின்னாளில் விற்பனைக்காக அடித்தவை. அரிசியை இழுக்கும் காசு, சக்தியுள்ள காசு என்ற கதைகளும் வலம்புரிச் சங்கு, கஜமுத்துக் கதைகளின் தம்பிகள்தான். அந்தக் கதைகளை நம்பியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதை வவுனியா, முல்லைத்தீவுச் செய்திகளில் வாசித்திருப்பீர்கள்.

சட்டமும் மண்ணும்

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2க்கு முற்பட்ட காசுகளையும் தொல்பொருளாகக் கொள்கிறது. மண்ணிலிருந்து புதிதாகக் கண்டெடுத்த தொல்பொருள் அரசுக்கு உரியது. நந்தியும் சேது என்ற எழுத்தும் உள்ள யாழ்ப்பாண அரசர் காசு, சோழர் காசு, உரோமச் செப்புக் காசு, ஒல்லாந்தர் துட்டு போன்றவை கிடைத்தால் தொல்லியல் திணைக்களத்துக்கோ பொலிஸாருக்கோ அறிவிக்க வேண்டும். இவற்றை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார உடைமைகள் சட்டமும் உள்ளது. ஆகவே விடுமுறைக்கு வந்து திரும்பும் உறவினர், பழங்காசைப் பெட்டிக்குள் வைக்குமுன் விசாரிக்க வேண்டும்.

இந்தப் பழங்காசுகளில் படம் நடுவில் இல்லாததும் ஓரம் வெடித்திருப்பதும் பிழை அல்ல. கையால் சுத்தியலடித்துச் செய்த காசுகள் அப்படித்தான் இருக்கும். அவற்றின் பெறுமதி வேறு. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரியில் மேற்கொண்ட தொல்லியல் ஆய்வுகளும், இலங்கைத் தமிழரின் பண்டைய நாணயங்கள் பற்றிய அவரது நூலும், வன்னி நிலத்தில் கிடைக்கும் இத்தகைய பொருட்கள் நம் வரலாற்றுக்குச் சான்று என்பதைக் காட்டியவை. எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற விபரம் இல்லாமல் கைமாறிப்போன காசு, அந்தச் சான்றாக நிற்காது.

புதையல் தேடித் தோண்டுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் இங்கே பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. உலோகம் காட்டும் கருவி, காசையும் கண்ணிவெடியையும் வெடிக்காத எறிகணையையும் ஒரே ஒலியால்தான் சொல்லும். வளவில் தற்செயலாகத் தெரிந்ததை எடுப்பது வேறு; தேடித் தோண்டுவது வேறு. அடையாளம் தெரியாத உலோகத்தைத் தொடாதீர்கள். கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ சொல்லுங்கள்.

வைத்திருப்பதும் விற்பதும்

ஒவ்வொரு காசையும் தனித்தனித் தாள் உறையில் வையுங்கள். மென்மையான பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சை நிறப் பிசினாகிக் காசை அரிக்கும். கரையோரக் கிராமங்களில் உப்புக் காற்றுப் படாத மூடியுள்ள பேணி அவசியம். காசை ஓரத்தில் பிடியுங்கள். விரல் வியர்வையும் தடம் விடும். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, நிறையையும் எழுதி வையுங்கள்.

விற்பதானால் முதலில் படத்தை மட்டும் காட்டுங்கள். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். "இப்போதே தந்தால்தான் இந்த விலை" என்பவரிடம் விற்க வேண்டாம். முழுப் பேணியையும் நிறைக்குக் கொடுக்காதீர்கள்; வெள்ளியைப் பிரித்தெடுத்த பின்னரே மற்றவற்றைப் பேசுங்கள். வெளிநாட்டுத் தரப்படுத்தும் நிறுவனங்களுக்கு அனுப்பும் செலவு, சாதாரண இலங்கைப் பிழைக் காசின் விலையை விடக் கூடிவிடும். மிக அரிதானது என்று விபரம் தெரிந்தவர் சொன்னால் மட்டும் அதை யோசிக்கலாம்.

பேணியைத் திறந்து பார்த்தால் அநேகருக்கு இலட்சங்கள் கிடைக்கப் போவதில்லை. சிலருக்கு ஒரு மாதப் பள்ளிக்கூடச் செலவுக்குப் போதுமான வெள்ளி கிடைக்கலாம். மிகச் சிலருக்கு ஒரு நல்ல பிழைக் காசு கிடைக்கலாம். எதுவும் கிடைக்காதவரும், கட்டணம் கேட்டு வரும் அழைப்பைத் துண்டித்தால், கையில் உள்ளதையாவது காப்பாற்றிக்கொள்வார்.